சுருக்கத்தோடு போன மரியாதை

அனுப்புநர்:
குவாக் தே-ஹூன் (வயது 50),
நில அளவைப் பொறியாளர், சுவொன்.

பெறுநர்:
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், சுவொன்.

பொருள்: பெப்டைடு முகக் களிம்பின் எச்சரிக்கைக் குறிப்பு முழுமையாக இல்லாமை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

குவாக் தே-ஹூன் ஆகிய நான், மேற்படி களிம்பு சொன்னபடி வேலை செய்துவிட்டது என்று புகார் அளிக்கவே இம்மனுவை எழுதுகிறேன்.

1. முதுமையில் குறையும் கொலாஜன் என்ற புரதத்தைப் பெருக்குமாறு தோலுக்கு உணர்த்துவதே பெப்டைடின் பணி என்று உறையில் கண்டுள்ளது. "சம்பந்தி வீட்டார் பார்க்கணும்ப்பா, சோர்ந்த மூஞ்சியா இருக்காதீங்க" என்று மகள் யே-ரின் வற்புறுத்தியதால், குளிர்காலம் முழுவதும் விதிப்படி பூசினேன். சுருக்கங்கள் அகன்றன.

2. இரு குடும்பங்களும் முதன்முறை சந்திக்கும் விருந்தன்று, என் மனைவி வண்டி நிறுத்தச் சென்றிருந்தபோது, மணமகனின் தந்தை திரு. மா ஜோங்-சிக் வந்தார். சொக்சோ கடற்கரை வெயிலில் கணவாய் மீன் உலர்த்துபவர். என்னை மணமகளின் அண்ணன் என்று கருதி, "தம்பி, அப்பா எப்ப வர்றாரு? அதுவரை சும்மா ஏன் உட்கார்ந்திருக்கே, ஒரு கிண்ணம் பிடி" என்றார்.

3. வெயிலில் சுருங்கிய முகத்தைக் கண்டு அவரை மூத்தவரென்றே நானும் எண்ணினேன். மூத்தவர் பேச்சில் குறுக்கிடுவது முறையன்று. எனவே மதுக் கிண்ணத்தை இரு கைகளால் வாங்கி, இளையவர்க்குரிய வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு அருந்தினேன். திருப்பிய கன்னத்தில் விளக்கொளி விழுந்தது. "என்ன தோலுடா உனக்கு!" என்று பாராட்டினார்.

4. "ஐயோ மாமா, இவர்தான் எங்கப்பா!" என்று மகள் அலறிய பின்னரே, அவர் என்னைவிட ஓராண்டு இளையவர் எனத் தெரிந்தது. அவர் அதன்பின் உணவைத் தொடவில்லை. "எந்த மூஞ்சியோட அந்த மனுசன் முன்னாடி நிப்பேன்? கல்யாணப் பேச்சை விடு" என்று மகனிடம் கூறிவிட்டாராம். என் மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

5. அரிப்பு, சிவப்பு ஆகியவற்றை எச்சரிக்கும் உறை, மரியாதைக் குறைவு பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அதைச் சேர்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். களிம்பை நான் நிறுத்திவிட்டேன். என் மனைவி இதற்கு உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தங்கள் விசாரணை அதன் முறைப்படி நடக்கட்டும். நான் வரும் சனிக்கிழமை சொக்சோ சென்று, பிரிக்காத களிம்புக் குப்பியொன்றைத் திரு. மா அவர்களிடம் இரு கைகளாலும் கொடுப்பேன். அவர் மீண்டும் "தம்பி" என்றழைத்தால், "சொல்லுங்கண்ணே" என்று எழுந்து நிற்பேன். திருமணம் முடியும்வரை நானே இளையவன்.

இடம்: சுவொன்
நாள்: மார்ச் 12

இங்ஙனம்,
குவாக் தே-ஹூன்
(மணமகளின் தந்தை)