கட் பண்ணாதே கண்ணு

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைக்கு பஸ்ஸில் மானம் போயிற்று. ஆரோக்கியசாமிக்கு மாத்திரை எங்கே இருக்கிறது என்று போனில் சொன்னேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்பு அடித்தே அவர் காது போய்விட்டது. கத்தினால்தான் விழும். “பிரிட்ஜ் மேல! உள்ள இல்ல, மேல!” என்று கத்தினேன். பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் யாதம்மா தெலுங்கில் கேட்டாள்: “எலிசபெத் அக்கா, புருஷனுக்கு மாத்திரை குடுக்கறியா, கொலை பண்றியா? உங்க அரவப் பேச்சே சண்டை மாதிரி இருக்கு.” இங்கே செகந்திராபாத்தில் தமிழை அரவம் என்பார்கள்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். இனி பஸ்ஸில் எடுக்கப் போவதில்லை.

அடுத்த ஸ்டாப்பில் ஒரு ஆள் ஏறினான். புதுசு. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. போனை வாய்க்கு முன்னால் தட்டு மாதிரிப் பிடித்து, ஸ்பீக்கர் போட்டுப் பேசினான். நம் தமிழ்தான். கோயம்புத்தூர் பக்கத்துப் பேச்சு. எல்லோருக்கும் கேட்கிற குரல்தான், ஆனால் சிரித்துக்கொண்டே, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. யாதம்மா என் தோளை இடித்தாள். “அதே அரவம்தானே இதுவும்? எப்படித் தித்திக்குது பாரு. பொண்டாட்டிகிட்டதானே பேசறான்? என்ன சொல்றான்?”

அவன் சொன்னது இது: “சாயங்காலம் வந்து உன்ற விரலை ஒண்ணொண்ணா ஒடிப்பேன் கண்ணு. எந்த விரல்னு நீயே சொல்லு. கட் பண்ணாதே. நான் ஆபீஸ் போன பொறகும் லைன்லயே இருக்கோணும்.”

போனுக்குள்ளிருந்து ‘ம்’ என்று ஒரு பெண் குரல். அவ்வளவுதான்.

“சாப்பிட்டியான்னு கேக்கறான்” என்றேன் யாதம்மாவிடம்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும் வந்தான். ஒரு பெரியவர் போனில், உப்பல் வந்துவிட்டேன் என்று உருதுவில் கூவினார். பஸ் மௌலாலியே தாண்டவில்லை. எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, “பாத்திரம் கழுவற சத்தம் ஏன் நின்னுச்சு? உக்காந்துட்டயா? பெல்ட்டு கதவுக்குப் பின்னாடிதான் தொங்குது கண்ணு” என்றான். இந்த பஸ்ஸில் தமிழ் யாருக்குத் தெரியப் போகிறது என்கிற தைரியம். நான் யாதம்மாவோடு தெலுங்கில் பேசுகிறவள். அவனுக்கு நான் யாரோ.

ஸ்டெல்லாவின் புருஷன் ஜேம்ஸும் இப்படித்தான். மம்மி மம்மி என்று குழைவான். என் பெண்ணை அடித்தே கொன்றான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று போலீசில் எழுதி முடித்துவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த சைனிக்புரியில் அக்கம்பக்கத்தை விசாரித்தார்களாம். அந்த வீட்டிலிருந்து ஒரு நாள்கூட சத்தம் வந்ததில்லை, தங்கமான பையன் என்று சொன்னார்களாம். எப்படி வரும் சத்தம்? வாயில் துணியை அடைச்சுட்டு அடிச்சா எப்படிடா வரும்? குளிப்பாட்டினது நான். முதுகைப் பார்த்தது நான்.

வேலையில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுவதற்குப் பதில் கட்டரால் கிழித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பேக்கிங் செய்கிற பாலமணி கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 7

அவன் கழுத்து அட்டையின் நாடா நல்ல கெட்டி. முறுக்கினால் அறாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பார்சல்காரன் அவனுக்கு போன் செய்தான். பேர் கிருஷ்ணகுமார், பில்டிங் பேர், மூணாவது மாடி, ஓடிபி எல்லாவற்றையும் இந்தியில் ஊருக்கே சொன்னான். மேடம் கதவைத் திறக்க மாட்டாங்க, வாட்ச்மேனிடம் கொடு என்றான்.

மல்காஜ்கிரியிலேயேதான். எங்கள் தெருவிலிருந்து நடந்துவிடலாம்.

ஆகஸ்ட் 12

வயிற்றுவலி என்று வேலையிலிருந்து பாதியில் கிளம்பி அவன் வீட்டுக்குப் போனேன். வெளியே பூட்டு. கடைக்கு ஷட்டரில் போடுகிற மாதிரிப் பெரிய பூட்டு. ஆளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறான்! மணியை அடித்தேன். உள்ளே கால் நகர்கிற சத்தம். “அம்மா, நான் தமிழ்தான், பயப்படாதே” என்று சொல்ல வாயெடுத்தேன்.

கதவுக்கு உள்ளே அவன் குரல் கேட்டது. “யாரு கண்ணு அது?”

ஆள் ஆபீசில் இருக்கிறான். போன் வழியாக வீட்டுக்குள்ளும் இருக்கிறான். நான் படியில் விழுந்து எழுந்து ஓடி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

என் மணிதான். நான் அடித்த மணிதான்.

“பெல் அடிச்சது யாருன்னு ராத்திரி அத்தனை கேட்டும் சொல்லலையே கண்ணு. பேசாத வாய் எதுக்கு? தைச்சுடலாமா? ஊசி எங்க வச்சிருக்கே?” சிரிக்கிறான். அவளுடைய ‘ம்’ இன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. வாய் வீங்கினவளின் ‘ம்’. பிறகு சொன்னான்: “கீழ்வீட்டுக்காரிதானே? அவகூட ஜன்னல்ல நின்னு தெலுங்கு பேசக் கத்துக்கிட்டயாமா. எனக்கே வராத பாஷை உனக்கெதுக்கு தாரிணி?”

தாரிணி. பேர் தெரிந்துவிட்டது.

போலீசுக்குப் போ என்கிறாள் பாலமணி. போய் என்ன சொல்ல? பஸ்ஸில் கேட்டேன் என்றா? சிரித்துக்கொண்டுதானே பேசினான் என்பார்கள். அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அவன் பக்கத்தில் நிற்பான். அவள் ‘ம்’ என்பாள்.

சாயங்காலம் ஆரோக்கியசாமியிடம் கத்திக் கத்திச் சொன்னேன். “நக்கோ எலிசு, வேண்டாம்” என்றார். “நமக்கு எதுக்கு இந்த வம்பு? ஒரு பொண்ணைக் குடுத்தாச்சு. இன்னொரு வாட்டி என்னால ஸ்டேஷன் படி ஏற முடியாதுடி.” சத்தமே வைக்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைச் சுவரில் எறிந்தேன். அது மட்டும் அவருக்குக் கேட்டது.

ஆகஸ்ட் 14

செய்வேன். அவனுக்கு வராத பாஷை எனக்கு வரும், அவளுக்கும் வரும். பாலமணியிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை.

ஆகஸ்ட் 18, திங்கள்

முழுசாக எழுத வேண்டும்.

அவன் ஏறினதும் அவனை ஒட்டிப் போய் நின்றேன். போன் அவன் வாய்க்கு முன்னால் இருந்தது. என் போனை எடுத்துக் காதில் வைத்தேன். லைனில் யாரும் இல்லை. தெலுங்கில் கத்தினேன்.

“ஹலோ! கேக்குதா? உன் வீட்டுக்காரன் பக்கத்துல நின்னுதான் பேசறேன். அவனுக்கு நான் பேசறது புரியாது. நீ பதில் சொல்லாதே, கேட்டுக்கோ. அன்னைக்கு மணி அடிச்சவ நான்தான். என்னால அடி வாங்கினியே, மன்னிச்சுக்கோ. விரலை ஒடிப்பேங்கறான், வாயைத் தைப்பேங்கறான், தினம் இதே பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே சொல்றான், எனக்கு எல்லாம் புரியுது. என் பொண்ணை இப்படித்தான் கொன்னாங்க. இன்னைக்கு வந்து உன் பூட்டை உடைக்கப் போறேன். வர்றியா? வர்றதா இருந்தா ஒரு தரம் இருமு.”

பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார்கள். யாதம்மாவின் கை டிக்கெட் மெஷின் மேலேயே நின்றுவிட்டது.

அவன் சூள் கொட்டினான். “ஒரு எருமை பக்கத்துல நின்னு கத்துது கண்ணு. போன்ல எப்படிப் பேசறதுன்னே இந்த ஊர்ல ஒருத்திக்கும் தெரியல.”

இருமல் வரவில்லை. “ஒரே ஒரு தரம், அம்மா” என்றேன்.

இருமினாள்.

“என்ன இருமல்? தண்ணி குடிச்சுக்கோ கண்ணு” என்றான்.

மல்லாபூரில் இறங்கினோம், நானும் கூட வந்த பாலமணியும். அவன் உப்பல் போகிறவன். யாதம்மா என்னைப் பார்க்கவில்லை. அவன் காலை அழுத்தி மிதித்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஆட்டோவில் அவருக்கு போன் செய்து, பில்டிங் பேரைச் சொல்லி, “சுத்தியல் எடுத்துக்கிட்டு வா!” என்று கத்தினேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் என்னையே பார்த்தான். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு முன்னாலேயே வந்து மூணாவது மாடியில் நின்றிருந்தார். கையில் சுத்தியலும் உளியும். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஓங்கி அடித்தார். அத்தனை வருஷம் இரும்பு அடித்த கை. பூட்டு தெறித்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

கூடத்தில் போனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். உதடு கறுத்திருந்தது. “கண்ணு, என்ன சத்தம்? கண்ணு?” என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. “கட் பண்ணக் கூடாதுங்க” என்றாள். நான்தான் கட் பண்ணினேன்.

துணியும் சர்டிபிகேட்டும் தேடி எடுப்பதற்குள் அவன் வந்துவிட்டான். அப்போதும் சிரிப்பு. வாசலிலேயே எங்கள் தமிழ் அவன் காதில் விழுந்திருக்கும். “யாருங்கம்மா நீங்க? என்ற சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லீங்க. கண்ணு, நீ உள்ள போ.”

அவள் திரும்பினாள். கடவுளே, அவள் உள்ளே போகத் திரும்பிவிட்டாள்.

என் கையில் அந்தப் பூட்டு இருந்தது. வாயிலேயே அடித்தேன். எலும்பு உடைகிறது கைக்குத் தெரிந்தது. மறுபடி அடித்தேன். கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து அடித்தேன். நான் ஸ்டெல்லா ஸ்டெல்லா என்று கத்தினேன் என்று பாலமணி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. அவன் அலறினது மட்டும் நினைவிருக்கிறது. அவன் அலறின பிறகுதான் எல்லாக் கதவும் திறந்தது. வந்தவர்கள் என் கையைத்தான் முறுக்கினார்கள். “எவ்வளவு அமைதியான மனுஷன், இந்த ரௌடிப் பொம்பளை…” என்று தெலுங்கிலும் இந்தியிலும் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 19

ராத்திரி வீட்டுக்கு விட்டுவிட்டு, காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே அவனால் பேச முடியவில்லை. அவன் அண்ணன் பேசினான். பில்டிங் ஆட்கள் சாட்சி சொன்னார்கள். தாரிணியைக் கேட்டால் ‘ம்’. வழுக்கி விழுந்தாயா என்றால் ‘ம்’. அடித்தானா என்றாலும் ‘ம்’. கடைசியில் அந்தப் பெண் எஸ்.ஐ. பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போடு என்றாள். தாரிணியால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு விரல் கோணலாகக் கூடியிருந்தது. எஸ்.ஐ. அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு எல்லா ஆண்களையும் வெளியே போகச் சொன்னாள்.

வெளியே ஆரோக்கியசாமி ஸ்டேஷன் படியில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவராகத்தான் ஏறி வந்தார்.

ஆகஸ்ட் 27

அவன் மேல் கேஸ், என் மேலும் கேஸ். வாராவாரம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் உள்ளவள் வேண்டாம் என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். போகட்டும். தாரிணி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தூங்குகிறாள், எழுந்து சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். போன் மணி அடித்தால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

செப்டம்பர் 9

செகந்திராபாத் ஸ்டேஷன் போய் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். ஈரோட்டில் அவள் அம்மா வந்து நிற்பாள்.

பிளாட்பாரத்தில் அம்மாவுக்கு போன் போட்டாள். முதலில் எனக்கே கேட்கவில்லை. பிறகு பெல்ட்டைப் பற்றிச் சொன்னாள். ஊசியைப் பற்றிச் சொன்னாள். அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். “இருக்கட்டும்மா, கேக்கட்டும்” என்றாள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. எதிர் பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் பெட்டியோடு எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஒரு ஆள் என்னிடம் இந்தியில், “மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்” என்றார். நான் சொல்லவில்லை.

ரயில் வந்தது. பேசிக்கொண்டே ஏறினாள். எனக்குக் கை காட்ட மறந்துவிட்டாள். வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் கேட்டது.