பத்துக் கடல், ஒரே ஷேட்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஏழாவது தடவை. சாய்ந்த பனைமரம் இன்னும் விழவில்லை. நானும் விழவில்லை.

காலை ஐந்தே முக்காலுக்கு கேமரா ஸ்டாண்டை மணலில் நட்டாயிற்று. இடது பக்கம் பனைமரம், நடுவில் மணல்திட்டு, அதற்குப் பின்னால் கடல். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே கோணம். ஆம்பூரில் எங்கள் கம்பெனிக்குப் பின்னால் வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கிற பாலாறு, இங்கே வந்துதான் கடலில் சேர்கிறது. ஆள் நடமாட்டமே இல்லை. சவுக்குத் தோப்பில் காற்று மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஆறு மணி வரை எல்லாமே சாம்பல். ஆறு பத்துக்கு மேகத்துக்குக் கீழே ஒரு கோடு கிழிந்து, மணல்திட்டு முழுக்கச் செம்பு நிறம். நான் ஃபோகஸ் வைத்து முடிப்பதற்குள் பாதி போய்விட்டது. இரண்டே படம். ஒன்றில் லென்ஸ் மேல் உப்புத்துளி. இன்னொன்று தேறும்.

நேற்று பஸ் ஏறும்போது இவர் கேட்டார்: "இன்னா வள்ளி, இந்த வாரமும் கடலா? போன தபா பார்த்த அதே தண்ணிதான?"

இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஆல்வின். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். இருபது வருஷமாகத் தோலைப் பார்க்கிறார், தண்ணீரைப் பார்க்கத் தெரியாதா? தெரியும். பார்க்க மாட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றைக்கு எழுதி வைத்துவிடுகிறேன், எதற்கு இந்தப் பைத்தியம் என்று.

சென்னையில் ஒரு கடலோரப் படக் கண்காட்சி. ஒரே இடம், மாறுகிற வெளிச்சம், பத்துப் படம். நவம்பர் 15 கடைசித் தேதி. தேர்வானால் டிசம்பரில் ஹாலில் மாட்டுவார்கள், கீழே எடுத்தவர் பெயரோடு.

அந்தப் பெயர்தான் எனக்கு வேண்டும். இவர் கம்பெனியிலேயே ஃபினிஷிங் செக்ஷனில் பதினெட்டு வருஷமாக ஷேட் பார்க்கிறேன், அதாவது தோலின் நிறம் சேர்கிறதா என்று. சரக்கு வாங்குகிற பையர் ஒப்புக்கொண்ட ஒரு சாம்பிள் துண்டு கையில் இருக்கும். வெளிச்சம் மாறாத வடக்கு ஜன்னல் பக்கம் போய், ஒரே சாயத்தில் மொத்தமாக வருகிற லாட்டின் ஒவ்வொரு தோலையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பிட்டு மஞ்சள் தூக்கினாலும் ரிஜெக்ட். வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெட்டியிலும் என் கண் இருக்கிறது. பெயர் எங்கேயும் இல்லை. என் கண் பார்த்தது ஒன்றாவது என் பெயரில் நிற்கட்டுமே என்று ஆசையாக இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் ஆசைப்படக் கூடாதா என்ன?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எட்டு. காற்றுக்கு ஸ்டாண்டே ஆடியது. பையில் ஈர மணலை நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டேன். என்னையும் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒன்பது. வெயில் சுள்ளென்று அடித்தது. கடல் கண்ணாடிப் பச்சை.

சனிக்கிழமை ராத்திரி தங்குவது கல்பாக்கத்தில் நாத்தனார் கிறிஸ்டினா வீட்டில். அவளுக்கு இது புரியவே மாட்டேன் என்கிறது. "அண்ணி, வந்தா மீன் வாங்கிட்டுப் போவாங்க. நீங்க மட்டும்தான் மீனில்லாத தண்ணிய வாங்கிட்டுப் போறீங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது வஞ்சிரம் வறுத்து டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. வசதியாகக் காலை நீட்டிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பத்து! முடிந்தது. கருமேகம், தூரத்தில் கடலின் மேல் மழை இறங்குவது திரை போலத் தெரிந்தது. மணலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

அக்டோபர் 8, புதன்

வேலை விட்டு நேராக பஜாரில் ஜியாவுதீன் பாய் ஸ்டூடியோ. ஒவ்வொரு தடவை எடுத்த படமும் அவர் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. என் கார்டில் இடம் கம்மி என்பதால் ஏற்றியதும் அழித்துவிடுவேன். பாய் கல்யாண ஆல்பம் போடுகிற சாஃப்ட்வேரில் எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பத்தையும் திறந்தால் ஒன்றுக்கொன்று சேரவே இல்லை. ஒன்று கறுப்பு, ஒன்று வெளிறல், ஒன்றில் மணல் மஞ்சள், ஒன்றில் சிவப்பு. கண்ணை உறுத்தியது. எனக்கு ரொம்பப் பிடித்தது மே மாதம் எடுத்த நீலம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். மூன்று மணி நேரம். பாயின் பையன் இரண்டு தடவை டீ கொண்டுவந்தான்.

கடைசியில் பாய் கேட்டார்: "ஒரிஜினலைத் தனியா வெச்சிக்கவாக்கா?"

"பாஸ் ஆன லாட்டுக்குப் பழைய துண்டு எதுக்கு பாய்? பழசு மேலேயே சேவ் பண்ணுங்க" என்றேன். பெரிய மனுஷி மாதிரி.

அக்டோபர் 10, வெள்ளி

பிரிண்ட்டுகளை கம்பெனிக்கு எடுத்துப்போனேன். சாப்பாட்டு நேரத்தில் வடக்கு ஜன்னலடியில் பத்தையும் பரப்பினேன். என்கூட ஷேட் பார்க்கிற நந்தினி குனிந்து, தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, முறைப்படி பார்த்தாள்.

"இன்னாக்கா இது! ஒரு பிட்டு கூட மாறல. பத்தும் ஒரே லாட்டு. பாஸ்!"

செக்ஷனே கை தட்டியது. நாளைக்கு அனுப்பிவிடுவேன். கர்வத்தில் வீங்கின என் தலை இன்றைக்கு வாசலுக்குள் நுழையாது.

அக்டோபர் 29, புதன்

கண்காட்சியிலிருந்து ஃபோன். சங்கீதா என்று பெயர், தேர்வுக் குழுவில் இருக்கிறாராம். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"மேடம், படம் ஒவ்வொண்ணும் தெளிவா இருக்கு. ஆனா மாறுற வெளிச்சம்தான் கேட்டிருந்தோம். நீங்க ஒரே காலைல, ஒரே நேரத்துல எடுத்ததை அனுப்பியிருக்கீங்க. பதினஞ்சாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. முடிஞ்சா வேற செட் அனுப்புங்க."

ஒரே காலையா? பிப்ரவரியிலிருந்து எட்டு மாசம்! பத்து பஸ், பத்து சனிக்கிழமை, நாலு ஜலதோஷம்! சரிங்க என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

பத்துப் பிரிண்ட்டையும் கட்டிலில் போட்டேன். அந்தம்மா சொன்னது சரி. காற்றில் ஸ்டாண்டு ஆடின நாள் எது? வெயிலில் மண்டை பிளந்த நாள் எது? மழைத் திரையைக்கூட நீலமாக்கி வைத்திருக்கிறேன். பத்து நாளையும் பிடித்து ஒரே நாளாக்கிவிட்டேனே, பாவி!

பாயிடம் ஓடினேன். ஒரிஜினல் இல்லை. இல்லவே இல்லை. நான்தான் சொன்னேனே, மேலேயே சேவ் பண்ணுங்க என்று.

அக்டோபர் 30, வியாழன்

தூங்கவில்லை. இத்தனை வருஷம் ஊரே நம்பின கண். அது பார்க்கவே இல்லையா?

நந்தினியிடம் சொன்னதும் அவள் முகம் தொங்கிவிட்டது. "நானும்தானேக்கா பாஸ்னு சொன்னேன்" என்றாள்.  பிறகு அவளே, "ரெண்டு பேரையும் சேர்த்து ரிஜெக்ட் பண்ணிட்டாங்க போ" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது, ஆனால் சிரிப்புதான் ஜாஸ்தி.

நவம்பர் 7, வெள்ளி

இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. டிவியில் காற்றழுத்தத் தாழ்வு, கடலோர மாவட்டங்களில் கனமழை என்கிறார்கள். மழை நடுநடுவே விட்டுவிட்டு வருமாம்.

விட்டுவிட்டு வந்தால் — நடுவில் வெளிச்சமும் விட்டுவிட்டுத்தானே வரும்?

"நாளைக்குப் போறேன்" என்றேன். இவர் டிவியைக் காட்டினார். நான் பையைக் காட்டினேன். "பேஜார் புடிச்ச பொம்பள" என்று முனகிக்கொண்டே எழுந்துபோய், கம்பெனியில் தோல் அடுக்கு நனையாமல் மூடுகிற பிளாஸ்டிக் ஷீட்டு ஒன்றை மடித்து எடுத்துவந்தார். "தனியா போனா கேமராவ யார் மூடுறது?"

நவம்பர் 9, ஞாயிறு

காலை ஐந்தரையிலிருந்து சாயங்காலம் ஐந்தேமுக்கால் வரை ஒரே இடத்தில் நின்றோம். இன்றைக்கே எழுத வேண்டும்.

விடிந்ததே தெரியவில்லை. ஏழு மணிக்கு மழை, கடலும் வானமும் ஒட்டிக்கொண்டு ஒரே வெள்ளை, நடுவில் பனைமரம் மட்டும் கறுப்பாக. எட்டு பத்துக்கு மேகத்தில் ஓட்டை விழுந்து, மணல்திட்டின் மேல் மட்டும் வெயில். சுற்றிலும் இருட்டு. இவர் ஒரு கையில் குடை, ஒரு கையில் ஷீட்டு. முதுகுப் பக்கம் தெப்பமாக நனைந்துவிட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் "போலாமா?" ஆரம்பித்தார். பத்துக்கு ஒரு தடவை. பத்தரைக்கு ஒரு தடவை.

பதினொன்றுக்கு நான் குனிந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வள்ளி, அங்க பாரு! பச்சையாயிட்ச்சி! இப்பதான் சாம்பலா இருந்தது, நான் பாத்துக்கினே இருந்தேன், அப்படியே பச்சையாயிட்ச்சி!"

எடுத்தேன். அதற்கப்புறம் "போலாமா" என்ற பேச்சே இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்து செந்தண்ணீர் கடலுக்குள் நாக்கு நீட்டியதை முதலில் பார்த்ததும் அவர்தான். இரண்டு மணிக்கு எனக்குப் பசி தாங்கவில்லை, கிளம்பலாம் என்றேன். "இரு, வடக்கால கறுத்துக்கினு வருது, அதுக்கு அப்பறம் இன்னா ஆவுதுன்னு பாக்க வேணாவா?" என்றார். கிறிஸ்டினா கட்டிக் கொடுத்த புளிசாதத்தை ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்து தின்றோம். பாதி மணல்.

வானவில் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஓவராக இருந்திருக்கும்.

கடைசி வெளிச்சம் ஊதா. இரண்டு நிமிஷம்கூட இல்லை. எடுத்துவிட்டு நான் திரும்பிப் பார்த்தால், இவர் குடையை மடக்கிவிட்டு மழையில் சும்மா நிற்கிறார். "எப்பவும் அதே தண்ணின்னு நெனச்சேன் வள்ளி" என்றார். ஒன்பது மாசமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஜியாவுதீன் பாய்க்குக் கை துறுதுறுவென்று இருக்கிறது. "இது ரொம்ப இருட்டாக்கா, ஒரு பாயிண்ட் ஏத்தவா?" மவுஸை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு பாயிண்ட்டும் ஏற்றவில்லை. முதல் வேலையாக மூன்று இடத்தில் காப்பி.

கம்பெனியில் பத்தையும் நந்தினி வடக்கு ஜன்னலடியில் பரப்பினாள். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. இதில் எதையும் எந்தப் பையரும் தொடமாட்டான். பத்தும் ரிஜெக்ட். இவ்வளவு அழகான ரிஜெக்ட்டை நான் பார்த்ததே இல்லை.

இந்தத் தடவை அனுப்புகிற படிவத்தில் எத்தனை நாளில் எடுத்தது என்று புதிதாக ஒரு கட்டம். 'ஒரு நாள்' என்று உண்மையை எழுதினேன். நம்புவார்களோ என்னவோ.

நவம்பர் 28, வெள்ளி

தேர்வு! சங்கீதாவே கூப்பிட்டார். "ஒரு நாள்னு தப்பா எழுதிட்டீங்களா மேடம்? பத்து நாளா இருக்கணுமே?" என்றார்.

கடவுளே. எட்டு மாசத்தை ஒரே காலை என்றதும் இதே அம்மாதான்.

டிசம்பர் 13, சனி

ஹாலில் மூன்றாவது சுவர். பத்துப் படம். கீழே: அமிர்தவள்ளி, ஆம்பூர்.

படங்களைவிட அந்தச் சின்ன அட்டையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். நந்தினி ஆற்காடு மக்கன் பேடாவை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஹாலில் சாப்பிடக் கூடாது என்று போர்டு இருந்த சுவருக்கு முன்னாலேயே.

ஒரு கணவன் மனைவி எங்கள் சுவரின் முன்னால் வாக்குவாதம். இது கோடை, இது மார்கழி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவரால் பொறுக்க முடியவில்லை. நடுவில் புகுந்து, "இது எட்டு பத்து. இது பதினொண்ணு. இது ரெண்டே முக்காலு. எல்லாம் ஒரே நாளு" என்று வரிசையாகக் காட்டினார். அந்த மனிதர் அசந்துபோய், "சார், நீங்கதான் எடுத்தீங்களா?" என்றார்.

"நான் குடை புடிச்சவன் சார்" என்று சிரித்துக்கொண்டே என்னைத் தேடினார். "எடுத்தது அவங்க. அதோ நிக்கிறாங்க பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். என் வாயில் பேடா.

டிசம்பர் 15, திங்கள்

டார்க் டேன் என்கிற கரும்பழுப்பு லாட்டில் ஏழு தோல் சிவப்பு தூக்கி வந்தது. ரிஜெக்ட் போட்டேன். ஃபினிஷிங் மேனேஜர் பரணிதரன் சார் ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டார்: "இன்னாம்மா, கடல்ல மட்டும்தான் கலர் மாறலாமா?"

"ஆமா சார். கடலு ஷூ மாதிரி ஜோடியா வர்றதில்ல."

சிரித்துக்கொண்டே ரிஜெக்ட் சீட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். பதினெட்டு வருஷமாக அந்த மூலையில் 'அ.வ.' என்று ஒரு கிறுக்கல்தான் போடுவேன். இன்றைக்கு முழுசாக எழுதினேன், அமிர்தவள்ளி என்று. இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது.