கோட்டுப் போட்ட அண்ணன்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் ஏதோ இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது அங்கே உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இரு. அண்ணனை அடக்கம் செய்துவிட்டு நீ கல்லூரிக்குத் திரும்பியதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவன் வேலை பார்த்த பட்டறையிலிருந்து டிபன் டப்பாவையும் செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், செருப்பை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலிலேயே விட்டிருக்கிறேன். பால்காரர் அதைப் பார்த்து, தம்பி இன்னைக்கு வேலைக்குப் போகலையா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், பாவம்.

ஒன்றை உன்னிடம்தான் சொல்ல முடியும். அண்ணன் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று அப்பா ஸ்டுடியோவுக்குப் போனார். கேமராவைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை, வளர்ந்த பிறகு அவன் எடுத்துக்கொண்டது பட்டறை அடையாள அட்டைக்கு எடுத்த அந்த ஒரு படம்தானே. அதைக் கொடுத்து, நல்லா வரணும், பிள்ளைகிட்ட ஒரு குறையும் தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோக்காரரும் சொன்னதை அப்படியே செய்துவிட்டார். புருவத்துத் தழும்பைப் பிளேடால் சுரண்டி மை வைத்திருக்கிறார், தெத்துப்பல்லை உதட்டுக்குள் தள்ளிவிட்டார், கொஞ்சம் சின்னதாக இருக்குமே ஒரு கண், அதையும் மற்றதற்குச் சமமாக்கிவிட்டார், கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் வேறு. யார் வீட்டு மாப்பிள்ளையோ வந்து நம் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஓடிப்போய் அசல் படத்தைக் கேட்டேன், அதன் மேலேயேதான் வேலை செய்திருக்கிறார், பிலிமும் இல்லையாம். அப்பாவைக் குறை சொல்ல வாய் வரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் ராஜா மாதிரி இருக்கான் என்கிறார்கள், அவர் முகம் கொஞ்சம் தெளிகிறது. வேலைவிட்டு வந்ததும் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இவனை ஒரு நாளாவது கோட்டுல பாக்கணும்னு இருந்தேன் என்று அன்றைக்குச் சொன்னார், நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் எனக்கும் இந்தக் கோட்டுக்காரன்தான் வருகிறான். பெற்றவளுக்கு மறக்குமா என்பார்கள், மறக்கிறது, கண்ணு. தெத்துப்பல் இடதா வலதா என்று நேற்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவைக் கேட்டேன், அவர் படத்தைப் பார்த்தார்.

நீ கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்றபோது உன் பெரியப்பா, படம் பாக்குறதுக்கும் ஒரு பட்டமா என்று சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். முதல் வருஷம் முழுக்க ஒரே படத்தின் முன்னால் உட்காரவைத்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுது, சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்று உங்கள் ஆசிரியை படுத்தி எடுக்கிறார் என்று புலம்புவாயே, அப்படி அண்ணனை எழுதி அனுப்பு. அழகாக எழுத வேண்டாம், பல் எந்தப் பக்கம், தழும்பு எவ்வளவு நீளம், சிரிக்கும்போது எந்தக் கண் முதலில் மூடும், அவ்வளவு போதும். உனக்கு அனுப்பச் சொல்லி அப்பா ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறார், நான் அனுப்பமாட்டேன். நம் வீட்டில் அந்தப் படத்தைப் பார்க்காத கண் உன்னுடையது மட்டும்தான்.

வேளைக்குச் சாப்பிடு, அழுகை வந்தால் அழுதுவிட்டுப் படி, ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது இருப்பாய். மறந்துவிடாதே, லீவுக்கு வந்து இந்தச் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதிவிடு.

உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா