பின்னோக்கிப் பத்தடி

மஸ்கட், 9.10.1997

அன்பு விண்ணரசிக்கு,

மாதா துணையால் நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் நலம் என்று போன கடிதத்தில் எழுதியது முழு உண்மையில்லை. கோபப்படாமல் படி.

ஜூலையில் கேம்ப்பில் வாலிபால் ஆடும்போது, யாரோ பின்னாலிருந்து குதிகாலில் உதைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. குதிகாலுக்கு மேலே நரம்பு அறுந்துவிட்டதாம். நாற்பத்தேழு வயதில் துள்ளினால் அப்படித்தான் ஆகுமாம். ஆபரேஷன் செய்து தைத்துவிட்டார்கள். இப்போது வலி இல்லை. அறுந்த நரம்பு தையலில் எப்படி ஒட்டுகிறது என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பயிற்சி கொடுப்பவர் பின்னோக்கி நடக்கச் சொல்கிறார். பத்தடி நடந்தால்தான் வேலைக்கு விடுவாராம். எனக்கு மூன்றாவது அடியிலேயே சாய்கிறது.

நீ பொழுதெல்லாம் சேற்றில் பின்னோக்கி நடந்தே நாற்று நடுகிறாயே, முதலில் ஊன்றுவது விரலையா, குதிகாலையா? சம்பா நடவில் கவனித்து எழுது. பிள்ளையை எழுதச் சொல்லாமல் நீயே எழுது. கூத்தாநல்லூர் பாய் ஊருக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். இதை அவர் கையில்தான் கொடுக்கிறேன். அவர் திரும்பி வரும்போது பதிலையும் அவரிடமே கொடுத்துவிடு.

இருபது வருஷம் வரப்பில் நின்று உனக்கு நாற்றுமுடி வீசியிருக்கிறேன். உன் காலை ஒருநாளும் பார்த்ததில்லை.

ரெமிஜியஸ்