பதினோரு மணிக்கு நிற்கும் படம்

பிப்ரவரி 3

இன்றும் பதினோரு மணிக்குப் படம் நின்றுவிட்டது. கடையில் ஒரு லாரிக்காரர் கிளட்ச் பிளேட்டுக்கு நிற்கிறார். நான் போனைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். திரையில், வீட்டில் இருக்கும் என் மனைவி நல்லம்மாள் கட்டிலோரம் சுவரைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள். அசையாதது அவளா, படமா? அரை மணி கழித்துத்தான் படம் மறுபடி ஓடியது.

அவளுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். சுவரைப் பிடித்து நடக்கிறாள். பொங்கலுக்கு மறுவாரம் அடுப்படியில் விழுந்தவள், நான் மதியம் சாப்பிடப் போகும்வரை தரையிலேயே கிடந்தாள். அதன்பிறகுதான் வீட்டில் மூன்று கேமரா. எவன் கம்பெனியிலோ நம் வீட்டுப் படம் கிடக்க வேண்டாமென்று, பெங்களூரில் இருக்கும் மகன் ஈஸ்வர் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரையே வீட்டு சர்வராக மாட்டிக் கொடுத்தான்; படம் அதில் சேர்ந்து என் போனுக்கு வரும்.

பிப்ரவரி 4

ஈஸ்வர் அங்கிருந்தே பார்த்தான். “மெமரி எட்டு ஜிபி பத்தலப்பா. மூச்சு முட்டுது. பதினாறு போட்ருங்க.”

விசாரித்தேன். போன வருஷத்தைப் போல மூன்று மடங்கு விலை. வெற்றிலை நீளத் தகடு!

பிப்ரவரி 7

சேலம் போனேன். உதிரிப் பாகம் வாங்கப் போகிறவன் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இருந்த இரண்டு தகட்டில் ஒன்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அஸ்தம்பட்டியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் அலெக்ஸ், பெரிய கம்பெனி மெஷினில் கழற்றியது என்று ஒன்றைக் காட்டினான். பதினாறு ஜிபி, கால் விலை.

“இது எல்லாத்துலயும் ஓடாதுண்ணா. உங்க போர்டு மாடல் என்ன?”

முப்பது வருஷமாக ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவனிடமா கேட்கிறாய்? பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நீளம் ஒன்று, நடு வெட்டும் ஒன்று. “கட்டுப்பா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பிப்ரவரி 8

உட்கார்ந்தது. ஓடவில்லை. கீ கீ என்று கத்துகிறது.

“குழி ஒண்ணுதாம்ப்பா, ஆனா இது வேற வகை. நம்ம போர்டு ஏத்துக்காது” என்றான் ஈஸ்வர். அலெக்ஸுக்குப் போன் செய்தேன். “வித்த பொருள் திரும்ப எடுக்கறதில்லண்ணா. எல்லாக் கடையிலயும் எழுதியிருக்கறதுதானே?”

என் கடையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

நல்லம்மாள் சிரித்தாள். “ஏனுங்க, சும்மாவே இருந்திருக்கலாமல்லங்க.”

பிப்ரவரி 11

சரியானதை முழு விலைக்கு வாங்கி மாட்டியாயிற்று. பேரம் பேசத் தெம்பில்லை.

பிப்ரவரி 12

காலையிலிருந்து படம் தண்ணீர் மாதிரி ஓடியது. பதினோரு மணி. நின்றுவிட்டது. போங்கடா.

பிப்ரவரி 13

பத்தே முக்காலுக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கேமராவுக்கான சுவர் சுவிட்ச் அணைந்திருந்தது. உள்ளே அவள், பாதி கட்டிய சேலையோடு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாந்தானுங்க அமத்தறேன். நித்தமும்.”

“ஏம்புள்ள?”

“சீலை மாத்தற நேரம். ஒத்தக் கையில அரை மணி ஆவுது. கடையில நாலு பேரு நிக்கறப்ப உங்க போனுல நான் தெரியோணுமா? ஒரு தகடு வாங்கறதுக்குச் சேலம் வரைக்கும் போயி விசாரிச்சீங்க. கேமரா மாட்டறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை. சேலைத் தலைப்பை எடுத்துக் கொடுத்தேன். “கழட்டிரட்டுமா?”

“இருக்கட்டும். உழுந்தா ஆளு வரோணுமல்ல. சுவிச்சு எங்கையில இருக்கட்டும்.”

பிப்ரவரி 15

எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து, வலது கைக்கு எட்டும் உயரம் கேட்டு, சுவிட்சை அங்கே இறக்கி வைக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 16

பதினோரு மணிக்குப் படம் நின்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பேரிங் எண்ணினேன். இரண்டு முறை தப்பாக எண்ணினேன்.

பதினொன்று இருபத்தாறு. வந்துவிட்டது. பச்சைச் சேலை.