செவலைக்கு ஆபரேஷன்

ரொசலின் அப்பாவுக்கு,

செவலையக் கூட்டிக்கிட்டு இரத்தோட்டை மிருக டாக்டர்கிட்ட போறேன். இனி அது குட்டி போடாது. ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவிய பக்கத்துக் காம்பராவுல இருக்கிற சவரியம்மாகிட்ட குடுங்க.

பொட்டை நாய்க்கெல்லாம் கட்டாயம் ஆபரேஷன் செய்யணும்னு தோட்டத்து ஆபீஸ்ல உத்தரவு போட்டதுக்காக நான் போகல. போன தடவை குட்டிங்கள நீங்க சாக்குல கட்டி ஆத்துக்குக் கொண்டுபோனீங்களே, அதுக்காகத்தான் போறேன்.

"வாயில்லாத ஜீவனக் கேக்காம அறுக்கிறது பாவம்"னு நேத்து கத்துனீங்க. ரொசலின் பொறந்ததும் ஆஸ்பத்திரியில என்னையும் கேக்காமத்தான் அறுத்தாங்க. உங்க கையெழுத்துப் போதும்னாங்க. நீங்களும் போட்டீங்க.

மரியாயி

செவலை வந்ததும் படுக்க, அடுப்புப் பக்கத்துல நல்ல சாக்கா விரிச்சு வைங்க. அன்னைக்கு எனக்கு நானேதான் விரிச்சுக்கிட்டேன்.