இடது காதில் கேட்ட அழுகை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே உன் அம்மா சுகம், நான் முக்கால்வாசி சுகம், மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் பேனாவைத் தூக்கினேன், போனில் சொன்னால் உன் அம்மா பிடுங்கிவிடுவாள்.

பட்டறையில் சாணைக்கல் வெடித்து உன் மாமன் தாடை உடைந்து கிடக்கிறான் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்னால் எங்களுக்குள் நடந்த அடிதடியைச் சொல்லவில்லை, வெட்கம். என் ஸ்பேனரைக் கேட்காமல் எடுத்துவிட்டான். ஐம்பத்தெட்டு வயசு ஆள் அதுக்குப் போய் மச்சினன் சட்டையைப் பிடிக்கலாமா, பிடித்தேன். விட்டான் பார் ஒரு அறை, இடது காதில், உள்ளே விசில் ஊதியது. நானும் மிச்சமிருக்கிற பல்லை வைத்து அவன் தோளைக் கடித்தேன். அவன் என் தலையை மேசையில் மோதினான், நான் அவன் வயிற்றில் முட்டியால் இடித்தேன். பட்டறை வெல்டர் ஒரு வாளித் தண்ணியை எங்கள் மேல் கொட்டிய பிறகுதான் பிரிந்தோம். தெருநாய்கள்கூட எங்களைவிட மரியாதையாகச் சண்டை போடும்.

அன்றிலிருந்து இடது காதுக்கு எல்லாச் சத்தமும் சுருதி ஒரு படி ஏறிக் கேட்டது. பட்டறைச் சங்கு ஊதினால் காதுக்கொன்றாக ரெண்டு சங்கு ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். யாரிடமும் மூச்சு விடவில்லை, சொன்னால் அவன் அடி எனக்கு வலித்தது என்று ஒத்துக்கொள்ளணுமே. சாணைக்கல்லை மாட்டுவதற்கு முன்னால் கம்பியில் தொங்கவிட்டுக் கட்டையால் தட்டிக் கேட்பது என் வேலை, நல்ல கல் கணீர் என்னும், விரிசல் விட்டது மந்தமாக இருக்கும். வழக்கம்போல இடது காதைச் சாய்த்துத் தட்டினேன், கணீர்னு இருந்தது, உன் மாமனிடம் மாட்டுடான்னேன். அஞ்சே நிமிஷம், கல் வெடித்தது. ஒரு துண்டு தகரக் கூரையைக் கிழித்தது, இன்னொன்று அவன் தாடையை. ரத்தமும் பல்லும் என் சட்டையில் தெறித்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் பண்ணினேனே, சட்டை ரத்தத்தைத் துடைக்க அதை வலது காதுக்கு மாற்றினேன், உன் குரல் சட்டென்று இறங்கியது. விரிசல் கல்லின் மந்தச் சத்தத்தையும் இடது காது ஏற்றிக் கணீராக்கிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. காது டாக்டரும் அடிபட்டதால் வந்ததுதான்னு சொன்னார். வீட்டில் யார் நம்புகிறார்கள், என் தம்பியைக் கொல்லப் பார்த்துவிட்டு இப்போ காது மேல பழி போடுறீங்களான்னு கேட்கிறாள் உன் அம்மா. வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் உன் மாமன் காகிதத்தில் எழுதிக் காட்டினான், இப்ப திருப்தியா மாமான்னு.

பாப்பா, அந்த மூணு வாரமும் உன் குரல் கீச்சென்று கேட்டு, அழுதியாம்மா, மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரான்னு குடைந்தேனே, நீ எரிந்து விழுந்தாயே, அதை உன் மாமனிடம் சொல். கல் வெடிப்பதற்கு முன்னாலேயே என் காது கெட்டிருந்ததற்கு நீ ஒருத்திதான் சாட்சி. போனை எடுப்பான், பேச முடியாது, கேட்பான். கெட்டது தெரிந்தும் வீம்புக்கு மறைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல், எனக்காகப் பூசி மெழுகாதே.

மாப்பிள்ளையிடம் அநியாயமாகச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ரெண்டு பேரும் நூறு வருஷம் சண்டை போடாமல் இருங்கள், போட்டாலும் காதில் அடித்துக்கொள்ளாதீர்கள். இனி போனை வலது காதில்தான் வைப்பேன், அதில் அழுகை கேட்டால் நீ அழவில்லை என்று சொன்னாலும் நம்பமாட்டேன்.

இப்படிக்கு,
உன் ஒன்றரைக் காது அப்பா